ரசமட்டத்துக்குக் கிடைத்த இழப்பீடு

என் தம்பியின் வலது முட்டியை ஒரு சரக்கு வேன் நசுக்கிப்போட்டது. பின்னால் ஆள் நிற்கிறானா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான் அந்த மகராசன். வேனுக்கும் அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டிகளுக்கும் நடுவில் தம்பி மாட்டிக்கொண்டான். இரண்டு பெட்டி டைல்ஸும் உடைந்தது. ஓடிவந்த கட்டட முதலாளி முதலில் எண்ணிப் பார்த்தது அந்தப் பெட்டிகளைத்தான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

தம்பி தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். பதினெட்டு வருஷமாக அதே வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டையை வைப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும், அந்தக் கருவியின் பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் கால் கட்டைவிரலால் தரையைத் தடவிப் பார்ப்பான். அப்புறம் குனிந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "உள்ள பொள்ளலா இருக்கு, ஆறு மாசத்துல பேந்துடும்" என்பான். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். சொல்லித் தொலைக்காதேடா என்று எத்தனையோ தடவை அவன் தொடையில் கிள்ளியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒட்டினவன் யாருக்கா, நாலு இடத்துல தூக்கிக்கிட்டு இருக்கு" என்றான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இந்த விவகாரத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருஷமாக விபத்துக் கேஸ் மனுக்களை அடித்து அடித்து என் விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோயிற்று. அடிபட்ட ஆளைக் கோர்ட்டில் முழு ஆளாகப் பார்க்க மாட்டார்கள். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்புப் போட்டால்தான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிக் கூலி, சத்தான சாப்பாட்டுக்கு இவ்வளவு, பார்த்துக்கொண்ட ஆளுக்கு இவ்வளவு. இதெல்லாம் ரசீது இருந்தால் கிடைத்துவிடும். படுத்துக்கிடந்த மாதங்களின் சம்பளமும் ஓரளவு வரும். அதற்கு மேலே இருப்பதுதான் பெரிய தொகை. இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போன வருமானம், இனிமேல் செய்ய வேண்டிய வைத்தியம், வலியும் வேதனையும், வாழ்க்கையில் அனுபவிக்க முடியாமல் போனவை. இவற்றுக்கு ரசீது கிடையாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால், அழாமல், ஆனால் அழுகிற மாதிரி.

தம்பிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முட்டி மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிற ஆபரேஷன். அதைச் செய்தால் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பான், படி ஏறுவான், தரையில் மண்டியிட்டு ஒட்ட முடியாவிட்டாலும் நின்றுகொண்டு நாலு பேரை வேலை வாங்குவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்குள் செய்யாவிட்டால் அந்தக் கால் அப்படியே மடங்காமல் நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். அவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவனை இறக்க இரண்டு பேர் வேண்டும், ஏற்ற மூன்று பேர் வேண்டும். மருந்துக்கே கையிருப்பு கரைந்துபோயிருந்தது. ஆகவே வேன்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தால்தான் கால், இல்லாவிட்டால் இல்லை.

தம்பி பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குழந்தை குட்டி கிடையாது. ரொட்டி பேக் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், விபத்து நடந்த மறுநாளே வேலையை விட்டாள். ஒன்றரை வருஷம் அவனைத் தூக்கி உட்கார வைத்து, கழுவி, துடைத்து, மாத்திரை கொடுத்து, அவன் விடுகிற எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டாள். வலியில் கிடக்கிற ஆம்பளை தங்கமாகவா பேசுவான்? தண்ணீர் சூடு, தண்ணீர் ஆறிப்போச்சு, தலையணை உயரம், தலையணை தாழ்வு. கட்டிலே கோணலாகப் போட்டிருக்கிறது என்று சொல்லி ஒருநாள் அவளை நாலு தடவை நகர்த்தச் சொல்லியிருக்கிறான். ராத்திரியில் இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவான். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து ஆளே பாதியாகிவிட்டாள்.

மனுவை நானே அடித்தேன். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்து, உன் தம்பி கேஸ் என்பதற்காக ஒரு தலைப்பு விடாமல் போட்டிருக்கிறாயே என்று சிரித்தார். விடுவேனா?

அப்புறம்தான் அந்த வாசல்படி விவகாரம். அதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒரு கையெழுத்துக்காக அவனை ஆட்டோவில் என் வீட்டுக்கு வரவழைத்திருந்தேன். என் வீடு தரைத்தளம், வாசல் நேராகத் தெருவில் இறங்கும். அந்தப் படியில் ஒரு டைல் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கால் வைத்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும், எனக்குப் பழகிப்போயிற்று. அவனுக்குப் பழகுமா? கையெழுத்துப் போட்டான், டீ குடித்தான், ஆனால் கண்ணெல்லாம் வாசலிலேயே இருந்தது. கடைசியில் கேட்டே விட்டான், வீட்டில் கொஞ்சம் சிமெண்ட் இருக்கிறதா என்று.

இருக்கிறது என்று சொன்னவள் நான்தான். இன்சூரன்ஸ்காரர்கள் ஆள் விட்டுப் பார்ப்பார்கள் என்பது இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும். வருகிற கட்சிக்காரர்களுக்கெல்லாம் என் வாயாலேயே எச்சரிக்கை சொல்லியிருக்கிறேன், மூட்டை தூக்காதீர்கள், சைக்கிள் தொடாதீர்கள் என்று. ஆனால் அந்தப் பயல் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, இடது முட்டியை ஊன்றி மெதுவாக இறங்கினபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. விபத்துக்கு அப்புறம் நான் பார்க்காத முகம். வேண்டாம்டா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானே சிமெண்டைக் குழைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம், ஒரே ஒரு டைல். முடித்துவிட்டு உள்ளங்கையால் தடவி, "இப்ப தண்ணி ஊத்திப் பாருக்கா" என்றான். ஊற்றினேன், சொட்டு நிற்காமல் ஓடிற்று. அதற்கு அவன் மூன்று நாள் முட்டி வீங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்தான். அந்த நேரம் தெருவின் எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு ஒருத்தன் போனில் பேசிக்கொண்டிருந்தான், அவன் இன்சூரன்ஸ் கம்பெனி விட்ட ஆள், படம் எடுத்திருக்கிறான் என்று கோர்ட்டில்தான் தெரிந்தது.

படத்தை இடது பக்கத்திலிருந்து எடுத்திருந்தான் சண்டாளன். நீட்டிய கால் தெரியவில்லை, மண்டியிட்ட கால்தான் தெரிந்தது. சிமெண்ட் கரண்டியும் கையுமாகத் தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான். இன்சூரன்ஸ் வக்கீல் அதை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு, இது நீங்கள்தானா என்று தம்பியைக் கேட்டார். ஆமா என்றான். நீங்களே செய்த வேலையா என்றார். ஆமா என்றான். அவர் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு அதுவே போதும்.

எங்கள் வக்கீல் கெட்டிக்காரர். எழுந்தார், நிலைமையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். வலியோடு செய்ததால் அந்த டைலை உங்களால் சரியாக வைக்க முடியவில்லை, கோணலாகத்தான் வந்தது, அப்படித்தானே? ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று. ஆமா சார் என்றால் போதும், பழைய மாதிரி வேலை செய்ய முடியாது என்பது அங்கேயே நிரூபணமாகிவிடும். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோணல் எல்லாம் இல்லைங்க. மட்டம் வெச்சுப் பாருங்க, ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தா என்னைக் கேளுங்க" என்றான்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எதிர்கால வருமானம் என்ற தலைப்பு அன்றைக்கே கையை விட்டுப் போயிற்று. வெளியே வந்து நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பொய் சொல்லலாம்தான், ஆனா வேலையைப் பத்தி எப்படிக்கா சொல்றது என்றான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

இனி மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஆபரேஷன் பணத்தைத் தேற்ற வேண்டும். தாம்பத்திய வாழ்க்கை இழப்பு என்று ஒரு தலைப்பு உண்டு. புருஷன் அடிபட்டதால் பெண்டாட்டிக்குப் போனது. சுகம், துணை, ஒத்தாசை எல்லாம் அதற்குள் அடங்கும். மனுவில் நான் சும்மா ஒப்புக்குப் போட்டு வைத்திருந்தது. இதை அவள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். அவளோ கடைக்காரனிடம் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள்.

நான் ஒரு பேப்பரில் மூன்று வாக்கியம் அடித்துக் கொடுத்தேன். முன்ன மாதிரி நாங்க புருஷன் பெண்டாட்டியா வாழ முடியலை. பகலும் ராத்திரியும் நான்தான் அவரைப் பார்த்துக்கறேன். அதனால எனக்கு இருந்த வேலையும் போச்சு. மூன்றும் உண்மைதான், ஒன்றும் இட்டுக்கட்டியது இல்லை. இதைச் சொல்லு, இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என்றேன். பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, "சரி அண்ணி" என்றாள்.

கூண்டில் ஏறி மூன்றையும் சொன்னாள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். நான் மூச்சு விட்டேன். அப்போது அந்த இன்சூரன்ஸ் வக்கீல் மறுபடியும் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதைப் பாருங்கம்மா. வாசல்ல உட்கார்ந்து சிரிச்சிக்கிட்டு வேலை பார்க்குறவருக்கு, வீட்டுக்குள்ள புருஷனா இருக்க மட்டும் முடியலையா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அப்படிச் சிரித்து அவளும்தான் பார்த்து எத்தனை நாளாயிற்று. அது அவள் வீட்டுக்குள் நடக்கவில்லை, என் வாசலில் நடந்திருக்கிறது. தெரியாது என்று சொல்லேன் என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாயைத் திறந்தாள்.

"அவர் செக்கப்புக்குப் போயி ஆஸ்பத்திரியில தங்குற நாள்லதாங்க எனக்கு நிம்மதியா இருக்கு."

சத்தமே போடாமல் சொன்னாள். அதனால்தானோ என்னவோ எல்லோருக்கும் கேட்டது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினார், கேஸ் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஊன்றுகோலின் ரப்பர் அடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. எதிர்கால வருமானத்துக்குப் பிச்சைக் காசு, படம் தன் வேலையைக் காட்டியிருந்தது. வலிக்கும் வேதனைக்கும் ஏதோ போட்டிருந்தார்கள். தாம்பத்திய வாழ்க்கை இழப்புக்கு மட்டும் நாங்கள் கேட்டதற்கு மேலேயே போட்டிருந்தார் நீதிபதி. மனைவியின் சாட்சியம் ஜோடனை இல்லாமல் உள்ளத்திலிருந்து வந்ததாக நீதிமன்றம் கருதுகிறது என்று ஒரு வரி. வக்கீல் ஃபீஸ் போக ஆபரேஷனுக்குச் சரியாக இருந்தது. ஆபீஸில் எல்லோரும் கைகொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

தீர்ப்பைப் படித்துக்காட்டச் சொல்லித் தம்பி கேட்டான். அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம். நான் தொகைகளை மட்டும் படித்துவிட்டு, அந்த வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஏதோ விட்டுட்டியே, அதையும் படி என்றான். படித்தேன்.

அவன் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடிப்பை நீவினான். அப்புறம், "அவ கோர்ட்ல சொன்னது எல்லாம் நீ எழுதிக் குடுத்ததுதானேக்கா?" என்று கேட்டான்.

பொய் சொல்வதற்கு நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. எனக்குத்தான் அது தொழிலாயிற்றே.

"ஆமாடா. நாலையும் நான்தான் அடிச்சுக் குடுத்தேன்."

"பேப்பர்ல மூணுதான் இருந்துச்சு. ரெண்டு நாளா அவ சமையல்கட்டுல நின்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தா. எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றான்.

நான் என்னென்னமோ சொன்னேன். அவள் தூக்கத்தைத்தான் சொன்னாள், ஒரு மனுஷி ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க வேண்டாமா, அதைத்தான் நிம்மதி என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மெய்யாகவே ஒத்துக்கொள்கிறவன் மாதிரிதான் ஆட்டினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது மாதம் ஊன்றுகோலைத் தூக்கிப்போட்டான், ஆறாவது மாதம் மூன்று மாடியும் தானாக ஏறி இறங்கினான். அவளுக்கு முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது, ரொட்டிக் கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஊரில் ஒரு பெரிய கட்டடத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது என்று தம்பி கிளம்பினான். இரண்டு மாத வேலை, அங்கேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னான். அது முடிந்ததும் வேறொரு கட்டடம், அதற்கப்புறம் இன்னொன்று. மாதாமாதம் பணம் அனுப்புவான். அவள் போன் செய்தால் எடுத்து, சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா என்று பதவிசாகப் பேசிவிட்டு வைத்துவிடுவான். ஒரு வருஷமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இருந்த பையைக் கூடக் கீழே வைக்காமல், "அண்ணி, அவர் எப்ப வருவார்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?" என்று கேட்டாள். கட்டிலை அவனுக்குப் பிடித்த மாதிரி நேராகப் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். நான் தூங்கினதைத்தான் சொன்னேன் அண்ணி, அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று சொல்லி அழுதாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இன்றைக்கு அவனை இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன், அவன் என்ன சொல்கிறான் என்று நீயே உன் காதால் கேள் என்று போனை எடுத்தேன். பக்கத்தில் நீ இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்று வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

அவன் எடுத்ததும் போனில் டைல்ஸ் அறுக்கிற சத்தம் கேட்டது. ஏன்டா உனக்கு வீடு வாசல் இல்லையா, கட்டினவள் மேல் இத்தனை நாள் கோபம் வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று நான் பிடிபிடி என்று பிடித்தேன். அவன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். அறுக்கிற மெஷினை நிறுத்தச் சொல்லி யாரிடமோ சொல்லிவிட்டு வந்தான்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா. என்னை எப்படிப் பார்த்துக்கிட்டா, அவ மேல எனக்கு என்ன கோவம்? அவ கேட்டது நிம்மதி ஒண்ணுதான். அதையாவது நான் குடுக்கணும்ல."

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தது நான்தான்.